ஐந்து வருடத் தவணையும் மூன்று மாத உரிமையும்

ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளாக மூடப்பட்டிருந்த தனியார் வாகன இறக்குமதியின் கதவு 2025 பெப்ரவரி 1ஆம் திகதி மீண்டும் திறக்கப்பட்டபோது, அது பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் டொலர் கையிருப்பையும் வரி வருமானத்தையும் சுற்றியே நடைபெற்றன. நாட்டிலிருந்து எவ்வளவு அந்நியச் செலாவணி வெளியேறும், திறைசேரிக்கு எவ்வளவு வந்து சேரும் என்று பொருளியலாளர்கள் கணக்கிட்டனர். இறக்குமதியாளர்கள் வரி அதிகம் என்றனர். அரசாங்கம் வேறு வழியில்லை என்றது. வாங்கப்படும் வாகனம் எத்தனை வருடங்களுக்கு ஓடும், இடைநடுவில் நின்றுவிட்டால் அதற்குப் பொறுப்பாளி யார் என்ற கேள்வி மட்டும் அந்த விவாதங்களில் உரிய இடத்தைப் பெறவில்லை.

எஸ்.யூ.வி. என்று உலகம் அழைக்கும் வாகனத்தை எமது மக்கள் ஜீப் என்றே சொல்வர். ஒரு காலத்தில் அது அமைச்சர்களுக்கும் தோட்டத் துரைமாருக்கும் உரியதாக இருந்தது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஆசிரியர்களும், வைத்தியர்களும், நடுத்தர வியாபாரிகளும் வாங்கும் குடும்ப வாகனமாக அது மாறியிருக்கிறது. இதனை ஆடம்பர மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ வயதான பெற்றோரைக் கொழும்பு வைத்தியசாலைக்கு அழைத்து வரும் ஒருவருக்கு, குனிந்து வளைந்து ஏறத் தேவையில்லாத, குண்டும் குழியுமான உள்வீதிகளில் அடிப்பாகம் தட்டாத ஒரு வாகனம் வேண்டியிருக்கிறது. நகைகளை அடகு வைத்தும், வெளிநாட்டிலுள்ள சகோதரரிடம் கேட்டும் முற்பணம் திரட்டப்படுகிறது. மிகுதிக்கு ஐந்து வருட லீசிங்.

அவ்வாறு வாங்கிய வாகனம் இரண்டாவது வருடத்தில் கடுகண்ணாவை ஏற்றத்தில் குலுங்கத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முகப்பில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. இயந்திரம் உறுமுகிறது, சக்கரம் சுழலவில்லை. திருத்தகத்தில் கணினியைப் பொருத்திப் பார்த்தவர் கியர்பொக்ஸ் போய்விட்டது என்கிறார். செலவு பல இலட்சம் ரூபா. அதுவும் பஞ்சிகாவத்தையில் நல்ல நிலையிலுள்ள பழைய கியர்பொக்ஸ் ஒன்று அகப்பட்டால்தான். விற்றவரிடம் கேட்டால், நான் தரும்போது நன்றாகத்தானே ஓடியது என்ற பதில் கிடைக்கிறது. வழமையான வாகனக் காப்புறுதி விபத்துக்கே அன்றி இயந்திரக் கோளாறுக்கு இழப்பீடு தராது. லீசிங் கம்பனியின் தவணை மாத்திரம் மாதந்தவறாமல் வந்துகொண்டிருக்கும். இதனைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாதவர்கள் எமது வாசகர்களில் பலர் இருப்பர் என்றே எண்ணுகின்றோம்.

இத்தகைய சந்தர்ப்பங்களில் உரிமையாளர் முதலில் கேட்க நேரும் சொல், ஓட்டிய விதம் சரியில்லை என்பதாகும். இச்சொல் எமது நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. அவுஸ்திரேலியாவில் ஃபோர்ட் நிறுவனத்தின் ஃபியெஸ்டா, ஃபோக்கஸ், சிறிய எஸ்.யூ.வி.யான எகோஸ்போர்ட் ஆகிய வாகனங்களில் பொருத்தப்பட்ட பவர்ஷிஃப்ட் எனும் இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி குலுங்குவதாகவும் வலுவிழப்பதாகவும் ஆயிரக்கணக்கானோர் முறையிட்டனர். அக்குலுக்கம் கியர்பெட்டியின் தரக் குறைபாட்டின் அறிகுறி என்பது நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தும், அது சாரதியின் ஓட்டும் முறையால் வருவதென்று வாடிக்கையாளர்களுக்கு அடிக்கடி கூறப்பட்டது. மாற்று வாகனம் கேட்ட சிலர் மேலதிகப் பணமும் செலுத்த நேர்ந்தது. அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது. 2018 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம், 2015 மே முதல் 2016 பெப்ரவரி வரையான காலத்தில் நிறுவனம் முறைப்பாடுகளைக் கையாண்ட விதம் மனச்சாட்சிக்கு முரணானது என்று தீர்மானித்து ஒரு கோடி அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. கியர்பெட்டி பழுதானது ஒரு குற்றம் என்றால், அதனை வாங்கியவரின் தலையில் கட்டியது அதனிலும் பெரிய குற்றமாகக் கொள்ளப்பட்டது.

எமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஜப்பானிலிருந்து வருகிறது. ஹொண்டா நிறுவனம் 2013 டிசம்பரில் அறிமுகப்படுத்திய வெசெல் எமது வீதிகளில் எவ்வளவு பரவலாகக் காணப்படுகிறது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. அதன் ஹைபிரிட் வகையிலும், அதற்குச் சில மாதங்கள் முன்னர் வந்த ஃபிட் ஹைபிரிட்டிலும் மின்மோட்டாரை உள்ளடக்கிய ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டி இருந்தது. அதன் கிளட்ச் உலர் வகையைச் சேர்ந்தது. எண்ணெயில் தோய்ந்திருக்கும் கிளட்ச் தன் வெப்பத்தை எண்ணெயிடம் கொடுத்துவிடும். உலர் கிளட்ச்சுக்கு அந்த வசதி இல்லை. வாகனம் ஊர்ந்து செல்லும்போது கிளட்ச் முழுமையாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால் வெப்பம் கூடும், தட்டுகள் தேயும். வேகமாகவும் சீராகவும் ஓடக்கூடிய நெடுஞ்சாலையில் இது பிரச்சினையன்று. மருதானையின் மாலை நெரிசலிலும், ஹற்றன் மலைப்பாதையில் லொறிக்குப் பின்னால் நின்று நின்று ஏறும்போதும் பிரச்சினைதான்.

2014 பெப்ரவரியில், கியர்பெட்டியைக் கட்டுப்படுத்தும் மென்பொருளின் குறைபாட்டால் கியர் விழாமல் போகலாம் என்பதற்காக, இவ்விரு வாகனங்களிலும் 80 ஆயிரத்துக்கு மேற்பட்டவை ஜப்பானில் மீளழைக்கப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபரில் ஃபிட் ஹைபிரிட் ஐந்தாவது தடவையாக மீளழைக்கப்பட்டது. அந்த ஐந்தும் கியர்பெட்டி தொடர்பானவை அல்ல. எனினும் தரக்கட்டுப்பாடு தவறிவிட்டது என்பதை ஏற்று, அப்போதைய தலைவர் தகனோபு இத்தோ மூன்று மாதங்களுக்குத் தமது சம்பளத்தில் 20 வீதத்தை விட்டுக்கொடுத்தார். ஏனைய உயரதிகாரிகளும் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தனர். 2020இல் வந்த புதிய ஃபிட்டிலும் 2021இல் வந்த புதிய வெசெலிலும் அந்த இரட்டைக் கிளட்ச் பெட்டியே கைவிடப்பட்டு, இரு மோட்டார் முறை புகுத்தப்பட்டது. நிறுவனம் தன் வழியை மாற்றிக்கொண்டது. பழைய வழியில் செய்யப்பட்ட வாகனங்களோ, 2020 முதல் இறக்குமதி நின்றிருந்த காரணத்தால், எமது நாட்டில் வருடத்துக்கு வருடம் விலை ஏறி விற்கப்பட்டன. பத்து வருடம் ஓடிய வாகனத்தை வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்ற விந்தை வேறெங்கும் எளிதில் நடக்காது.

சி.வி.டி. எனப்படும் மற்றொரு வகைப் பெட்டியில் பற்சக்கரக் கியர்களுக்குப் பதிலாக, இரு கப்பிகளுக்கிடையே ஓர் உருக்குப் பட்டி ஓடுகிறது. நிசான் நிறுவனம் அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரையிலான தனது சி.வி.டி. வாகனங்களுக்கு, அவற்றுள் முரானோ, ரோக் ஆகிய எஸ்.யூ.வி.க்களும் அடங்கும், ஐந்து வருடம் அல்லது 60 ஆயிரம் மைல் என்றிருந்த உத்தரவாதத்தைப் பத்து வருடம் அல்லது ஒரு இலட்சத்து 20 ஆயிரம் மைல் என இரட்டிப்பாக்கியது. பொருளில் குறையிருக்கலாம் என்ற ஐயத்தின் சுமையை வாங்கியவரிடமிருந்து எடுத்துத் தானே ஏற்றுக்கொண்டது என்றே இதனைக் கொள்ள வேண்டும்.

உரிமையாளர்கள் பக்கத்தில் தவறில்லை என்று நாம் வாதிட வரவில்லை. கியர்பெட்டி எண்ணெய் ஆயுள் முழுவதற்கும் போதுமானது என்ற சொல்லை நம்பி ஒரு தடவைகூட மாற்றாதவர்கள் இருக்கிறார்கள். சி.வி.டி.க்கு உரிய எண்ணெய்க்குப் பதிலாக மலிவான வேறொன்றை ஊற்றுவோரும், ஏற்றத்தில் பிரேக்கை மிதிக்காமல் அக்சிலரேற்றரை அழுத்தியே வாகனத்தை நிறுத்தி வைத்திருப்போரும் இருக்கிறார்கள். வெப்பமும் நெரிசலும் மலையும் உள்ள நாட்டில், கையேட்டில் கடும் பாவனை என்று குறிப்பிடப்படும் அட்டவணையையே பின்பற்ற வேண்டும். அக்கையேடு ஜப்பானிய மொழியில் இருப்பதனால் அது கையுறைப் பெட்டியிலிருந்து வெளியே வருவதே இல்லை என்பது வேறு விடயம். ஆனால், முறையாகப் பராமரித்தால் இரண்டு இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டக்கூடிய ஒரு பாகம் அதில் பாதித் தூரத்தில் செயலிழந்தால், குறை வாங்கியவரிடமா பொருளிலா என்று ஆராயாமலே தீர்ப்பு வழங்குவது முறையன்று.

ஆராய்வதற்கு வேண்டிய தகவல் இல்லாமலும் இல்லை. ஜப்பானில் பாதுகாப்போடு தொடர்புடைய குறைபாட்டுக்கு மீளழைப்பு, அதற்கு அடுத்த நிலையில் சீராக்க நடவடிக்கை, தரம் சார்ந்த சிறு குறைகளுக்குச் சேவைத் திட்டம் என மூன்று படிகள் உள்ளன. அடிச்சட்ட இலக்கத்தைக் கொடுத்தால் அந்த வாகனம் இவற்றில் எதற்கேனும் உட்பட்டதா, திருத்தம் செய்யப்பட்டுவிட்டதா என்று நிறுவனங்களின் இணையத்தளங்களிலேயே பார்க்கலாம். அங்கு அத்திருத்தம் இலவசமானது. வாகனம் கப்பலில் ஏறி அம்பாந்தோட்டையில் இறங்கியதும் அந்தத் தகவல் கடலோடு நின்றுவிடுகிறது. விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளருக்குக் காட்டப்படும் ஏல மதிப்பீட்டுத் தாள், கதவிலுள்ள கீறலையும் இருக்கையிலுள்ள கறையையும் சொல்லும். கிளட்ச் தட்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அது சொல்லாது.

சட்டத்தை நாடினால் என்ன கிடைக்கும்? விற்கப்படும் பொருள் அதன் நோக்கத்துக்குத் தகுதியானதாக இருக்க வேண்டும் என்ற உட்கிடையான நிபந்தனை 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அதன்படி மாவட்ட நீதிமன்றம் சென்று, குறைபாடு விற்ற நாளிலேயே இருந்தது என்று நிரூபிப்பதற்குள் வாகனம் துருப்பிடித்துவிடும். சாதாரண மக்களுக்கு எளிய வழியாக அமைந்தது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டமாகும். அதன் 13ஆவது பிரிவு, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ வழங்கப்பட்ட உத்தரவாதத்துக்கு அமையாத பொருள் குறித்து அதிகாரசபையிடம் முறையிட இடமளிக்கிறது. அதே பிரிவு, அம்முறைப்பாடு விற்பனை நடந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் செய்யப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. ஒரு மின்விசிறிக்கோ அரிசி மூடைக்கோ மூன்று மாதம் போதும். கியர்பெட்டியின் குறைபாடு தன்னை வெளிக்காட்ட மூன்று மாதம் போதாது. ஐந்து வருடம் தவணை கட்டப் போகிறவருக்கு, முறையிடும் உரிமை அதில் இருபதில் ஒரு பங்கு காலத்துக்கே உண்டு.

இது மாற்ற இயலாத நியதியன்று. எம்மைப் போலவே ஒரு தீவான சிங்கப்பூரில் 2012 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பொருள் கையளிக்கப்பட்டு ஆறு மாதங்களுக்குள் வெளிப்படும் குறைபாடு கையளித்த நாளிலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவரே. பாவித்த வாகனங்களும் இதில் அடங்கும். பழைய பொருளை வாங்கியவர் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய தரமே அளவுகோல் என்பதால், விற்பனையாளருக்கும் அநீதி இல்லை.

இவ்விடத்தில் லீசிங் பற்றியும் ஒரு சொல். வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம்கள் பலர் இஜாரா முறையில் வாகனம் பெறுகின்றனர். இஜாராவின் அடிப்படை, பொருளின் உரிமை குத்தகைக்குக் கொடுப்பவரிடமே இருக்கிறது என்பதாகும். உரிமையோடு பெரும் பழுதுகளின் பொறுப்பும் அவரையே சாரும், அன்றாடப் பராமரிப்பு மட்டுமே பாவிப்பவருடையது என்பது மார்க்க அறிஞர்கள் விளக்கும் விதி. கையெழுத்திடும் முன்னர், கியர்பெட்டி பழுதானால் யார் பொறுப்பு என்று எழுதப்பட்டிருக்கும் வாசகத்தை எடுத்துக் காட்டும்படி கேட்பதில் தவறொன்றும் இல்லை. சாதாரண லீசிங்கிலும் பதிவுப் புத்தகத்தில் உரிமையாளராகக் கம்பனியின் பெயரே இருக்கிறது. உரிமையாளர் என்ற பெயர் தவணை தவறினால் வாகனத்தைப் பறித்துச் செல்வதற்கு மட்டுமே பயன்படுவதாயின், அது பற்றிக் கேள்வி எழுப்பவும் இடமுண்டு.

உத்தரவாதம் கட்டாயமானால் விலை உயரும் என்று இறக்குமதியாளர் கூறக்கூடும். ஓரளவு உயரும் என்பதை மறுப்பதற்கில்லை. இன்று அச்செலவு இல்லாமல் இல்லை. அது முழுவதும் ஒரு குடும்பத்தின் தலையில் ஒரே நாளில் விழுகிறது. நூறு வாகனங்கள் மீது பகிரப்பட்டால் எவருக்கும் தாங்கக்கூடியதாக இருக்கும். சுங்க வரி, உற்பத்தி வரி, சொகுசு வரி, பெறுமதிசேர் வரி என்று வாகனத்தின் இறக்குமதிப் பெறுமதியையே பல சமயம் விஞ்சும் தொகையைப் பெற்றுக்கொள்ளும் அரசு, இதில் பார்வையாளராக இருக்க முடியாது.

செய்ய வேண்டியவற்றுள் மிக எளியதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. இறக்குமதியாகும் ஒவ்வொரு வாகனத்தின் அடிச்சட்ட இலக்கமும் சுங்கத் திணைக்களத்தின் பதிவிலும், பின்னர் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவிலும் இருக்கிறது. அந்த இலக்கத்தைக் கொண்டு மீளழைப்பு நிலுவையில் உள்ளதா என்று பார்த்து, அதன் முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளில் அச்சிட்டு வாங்குபவர் கையில் கொடுக்குமாறு இறக்குமதியாளரைப் பணிக்கலாம். மூன்று மாத வரம்பை வாகனங்களுக்காவது ஒரு வருடமாக்குவதற்குப் பாராளுமன்றம் செல்ல வேண்டும். அது வரையில், வாகனம் வாங்கியோர் தமது முதல் குலுக்கத்தைத் திகதியோடும் ஓடிய தூரத்தோடும் எழுத்தில் பதிந்து விற்பனையாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அதன் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தி வைப்பது நல்லது.