சித்திரையில் நாம் தின்பது எந்தக் கடல் மீன்?

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் வாடிக்கையாக மீன் வாங்கும் கடையில் பக்கத்தில் நின்றிருந்த நம்மவர் ஒருவர், "மீன்பிடித் தடைக்காலம்னு பேப்பர்ல போடறாங்க. இங்கே என்ன சார் குறைச்சல்? வஞ்சிரம் கிடக்கு, சங்கரா கிடக்கு, இறால் கிடக்கு" என்றார். கடைக்காரர் மீனை வெட்டிக்கொண்டே சொன்னார்: "பெட்டி எங்கேருந்து வருதோ அதுதான் சார் நமக்குக் கடல்."

வேடிக்கையாகச் சொன்னாலும் உண்மை அதுதான். பெங்களூரிலிருந்து சென்னைக்கும் மங்களூருக்கும் ஏறக்குறைய ஒரே தூரம், 350 கிலோமீட்டர். இரவு ஏற்றினால் விடியலில் இரண்டு கடல் மீனும் இங்கே இறங்கிவிடும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள். கிழக்கு மூடினால் மேற்கிலிருந்து வரும். மேற்கு மூடிய இரண்டே வாரத்தில் கிழக்கு திறந்துவிடும். இரண்டு கடலும் சேர்ந்து ஓய்வெடுப்பது வருடத்தில் 14 நாள்தான். அந்த 14 நாளும் குளிர்பதனக் கிடங்கு கைகொடுக்கிறது. ஆகவே கடலுக்கு ஓய்வு என்பதையே நம் ஊர்ச் சமையலறை அறிவதில்லை. நான்கூட முப்பது வருடமாக அறியாமல்தான் இருந்தேன்.

அறிந்தது ஒரு கல்யாணத்துக்காக நாகப்பட்டினம் போன சமயத்தில். சித்திரை வெயில். அக்கரைப்பேட்டைப் பக்கம் விசைப்படகுகள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு வரிசையாக நின்றன. சிலவற்றைக் கரையேற்றி மரவேலை, பெயிண்ட் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஊரே சும்மா இருக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் விடியற்காலையில் கடற்கரைக்குப் போனால், சும்மா இல்லை! பைபர் படகுகள் ஒவ்வொன்றாக மணலில் ஏறுகின்றன. வலையிலிருந்து காரப்பொடி, மத்தி, நண்டு என்று பிய்த்துப் போடுகிறார்கள். கூடையோடு பெண்கள் காத்து நிற்கிறார்கள். "என்னய்யா, தடை இல்லையா?" என்று கேட்டேன். "அது பெரிய போட்டுக்கு. இந்த ரெண்டு மாசந்தான் அண்ணே கரைக்கடல் எங்களுக்கு" என்றார் ஒரு இளைஞர்.

சட்டப்படி பார்த்தால் கரைக்கடல் வருடம் முழுவதும் அவர்களுடையது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் கீழ், கரையிலிருந்து மூன்று கடல் மைல், அதாவது ஐந்தரைக் கிலோமீட்டர், கட்டுமரத்துக்கும் நாட்டுப்படகுக்கும் என்று ஒதுக்கப்பட்டது. அதற்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது. இழுவலைப் படகுகள் பெருகிய எழுபதுகளில் கட்டுமரக்காரர்களுக்கும் அவர்களுக்கும் நடந்த மோதல்களுக்குப் பிறகு வந்த சட்டம் அது. ஆனால் இறால் கிடப்பது கரையோரச் சேற்றில். அந்த ஆசையில் பெரிய படகு உள்ளே வந்து இழுத்தால், சிறு படகுக்காரன் விரித்த வலையும் அறுபடும், மீன் குஞ்சும் போகும். அந்த இளைஞர் "ரெண்டு மாசந்தான்" என்று சொன்னதன் பொருள் இதுதான்.

தமிழ்நாட்டில் இந்தத் தடை 2001இல் 45 நாளாகத் தொடங்கி, 2017இல் 61 நாளானது. மீன் சினை விடும் காலம் என்பது காரணம். எல்லா மீனும் சித்திரையிலேயே சினை விடுவதில்லை, தடையை ஐப்பசி கார்த்திகைக்கு மாற்ற வேண்டும் என்று தென்மாவட்ட விசைப்படகுக்காரர்கள் சிலர் கேட்கிறார்கள். அதில் நியாயம் இருக்கலாம். வெப்பக் கடல் மீன்கள் பல, வருடத்தில் ஒரு முறைக்கு மேல் சினை விடுபவை. என்றாலும் எந்த மாதமானால் என்ன, இரண்டு மாதம் இழுவலை அடியைச் சுரண்டாமல் இருப்பதே கடலுக்கு லாபம் என்பது என் கட்சி.

லாபம் கடலுக்கு, செலவு யாருக்கு? விசைப்படகில் கூலிக்குப் போகிறவனுக்கு. தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் என்று 2023இல் மண்டபம் மீனவர் மாநாட்டில் அறிவித்தார்கள். 61 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 131 ரூபாய். தடைக்காலத்தில் வஞ்சிரம் கிலோ ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஒரு குடும்பத்தின் இரண்டு மாத நிவாரணம் ஏழெட்டுக் கிலோ வஞ்சிரத்துக்குச் சமம். வீட்டில் ஒரு விருந்து என்றால் நாம் அதைவிட அதிகம் வாங்குகிறோம்.

விருந்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. மீன் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை நானே தாங்கமாட்டேன். சித்திரை வைகாசியில் மட்டும், கடைக்காரரிடம் "இது எந்தக் கரை, எந்தப் படகு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நாலு பேர் கேட்டால் அவர் லாரிக்காரரைக் கேட்பார். நாட்டுப்படகு மீன் வேண்டும் என்று சொல்லுங்கள்: நெத்திலி, காரப்பொடி, மத்தி, நண்டு. ஒரு சாண் வஞ்சிரத்தைக் குறைந்த விலை என்று வாங்காதீர்கள். நெத்திலி வளர்ந்தாலும் விரல் நீளந்தான். வஞ்சிரம் அப்படியல்ல, ஒரு சாண் என்றால் அது குழந்தை.

நம் உடம்புக்கும் இதில் அக்கறை உண்டு. 2018 ஜூனில் கேரள எல்லைச் சோதனைச் சாவடிகளில் பார்மலின் கலந்த மீன் வண்டி வண்டியாகப் பிடிபட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். கரையில் மீன் குறையும் காலத்தில், தூரத்து மீனைப் புதிதுபோல் காட்டத்தான் அந்த வித்தையெல்லாம்.

நான் கேட்க ஆரம்பித்து இரண்டு சித்திரை ஆயிற்று. முதல் வருடம் கடைக்காரர் சிரித்தார். இந்த வருடம் வைகாசியில் ஒரு நாள், "சார், கடலூர் பக்கத்துக் காரப்பொடி, சின்னப் போட்டு மால், ரெண்டு கிலோதான் வந்துச்சு" என்று தனியாக எடுத்து வைத்திருந்தார். குழம்பு வைத்தோம். முள் அதிகம் என்று பேரன் ஒரு மணி நேரம் முணுமுணுத்தான். தட்டில் மிச்சம் வைக்கவில்லை.