முதலாளியின் ஜெபமும் கூலிக்காரரின் கணக்கும்

கிறிஸ்தவத் தொழிலதிபர்களின் கூட்டங்களில் ஒரு நம்பிக்கை எந்தக் கேள்வியும் இல்லாமல் உலவுகிறது: முதலாளி பக்திமானாக இருந்தால் போதும், நிறுவனம் தானாகவே நேர்மையாக நடந்துவிடும். பன்னிரண்டு சாமானியரை வைத்து உலகையே வென்ற தலைவர் இயேசு என்று பேச்சாளர் முழங்க, அரங்கம் அல்லேலூயா சொல்கிறது.

சரக்கு பழையது. 1925இலேயே அமெரிக்க விளம்பரத் துறைக்காரர் புரூஸ் பார்ட்டன், ‘யாரும் அறியாத மனிதர்’ என்ற நூலில் இயேசுவை நவீன வணிகத்தின் நிறுவனராகக் காட்டினார். நூல் அமோகமாக விற்றது. சிலுவையில் முடிந்த வாழ்க்கையை வெற்றிக் கதையாகத் திருத்தி எழுதும் தொழில் அதன்பின் ஓயவே இல்லை.

வேதத்தையே திறந்து பார்ப்போம். இந்தப் பேச்சாளர்கள் விடாமல் எடுத்துக்காட்டுவது மத்தேயு 25இல் வரும் தாலந்து உவமை: கொடுத்த முதலை இரட்டிப்பாக்கிய ஊழியக்காரன் பாராட்டுப் பெறுகிறான். அதே அதிகாரம், பசித்தவனுக்குச் சோறிட்டாயா, சிறையில் கிடந்தவனைப் பார்க்கப் போனாயா என்று கேட்கும் நியாயத்தீர்ப்பில் முடிகிறது. பேச்சு அதுவரை போவதில்லை. மத்தேயு 20இன் திராட்சைத் தோட்டக்காரர், மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் முழுநாள் கூலி கொடுத்தவர். அவரை எந்தத் தலைமைப் பண்புப் பயிற்சி முன்மாதிரியாக நிறுத்துகிறது? வரி வசூலித்த சகேயு மனந்திரும்பியதும் சாட்சி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடவில்லை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏய்த்து வாங்கியது நான்கு மடங்காகத் திரும்ப என்று கணக்குச் சொன்னான். யாக்கோபு நிருபமோ, பிடித்துவைத்த கூலியையே முதலாளிக்கு எதிரான சாட்சியாகக் கூண்டில் ஏற்றுகிறது.

“போலிகளை விடுங்கள், உண்மையான விசுவாசி தவறு செய்யமாட்டார்” என்பது வழக்கமான பதில். சரி, உண்மையான விசுவாசிகளையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் சாக்லேட் தயாரித்த கேட்பரி குடும்பத்தினர், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். 1879இல் ஆலையைப் பர்மிங்காம் நெரிசலிலிருந்து போர்ன்வில்லுக்கு மாற்றி, பிறகு அங்கே தோட்டத்தோடு வீடுகளும் எழுப்பியவர்கள். 1901இல், போர்ச்சுகல் ஆட்சியிலிருந்த சாவோ டோமே தீவில் ஒரு தோட்டம் விற்பனைக்கு வந்தது. அதன் சொத்துப் பட்டியலில் தொழிலாளர்களும் இருந்தார்கள், விலையோடு. அங்கோலாவிலிருந்து ‘ஒப்பந்தம்’ என்ற பெயரில் கொண்டுவரப்பட்ட அடிமைகள் அவர்கள். கேட்பரி வாங்கிய கோகோவில் ஏறத்தாழ பாதி அந்தத் தீவில் விளைந்தது.

குடும்பத்தில் ஒருவரான வில்லியம் கேட்பரிக்கு விஷயம் அப்போதே எட்டிவிட்டது. விசாரித்தார்கள், ஆள் அனுப்பினார்கள், பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையோடு பேசினார்கள். கொள்முதலை நிறுத்தியதோ 1909 மார்ச்சில். இரட்டை வேடம் என்று சாடிய ‘ஸ்டாண்டர்ட்’ நாளிதழ்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார்கள். ஜூரி கேட்பரி பக்கமே தீர்ப்புச் சொன்னது. நஷ்ட ஈடாகக் கொடுத்தது ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி.

அவர்கள் கபடக்காரர்கள் அல்ல. என் வாதமே அதுதான். போர்ன்வில் தொழிலாளியை அவர்கள் தினமும் பார்த்தார்கள். சாவோ டோமே கூலி, கொள்முதல் விலைக்குப் பின்னால் மறைந்துபோனான். நல்ல மனம் கண்ணுக்கெட்டிய தூரம்வரைதான் வேகமாக வேலை செய்யும். அதற்கப்பால் சட்டமும் சங்கமும், விடாமல் எழுதும் பத்திரிகையும் வேண்டும்.

இத்தோடு ‘அழைப்பு’ சேர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசம். “இது வியாபாரமில்லை, ஊழியம், கர்த்தர் என்னை இதற்காகவே அழைத்தார்” என்று முதலாளி சொல்லிவிட்டால், சம்பள உயர்வு கேட்பவர் ஆண்டவரோடு வழக்காடுபவர் ஆகிவிடுகிறார். ஓவர்டைம் காணிக்கையாகிறது. வாழ்வின் நோக்கம் முதலாளிக்கு, தியாகம் வேலை செய்பவருக்கு என்று பங்கு பிரிந்துவிடுகிறது.

யாருடைய பக்தியையும் நான் சந்தேகிக்கவில்லை. அதை நேர்மைக்கான சான்றிதழாக ஏற்க மறுக்கிறேன். காலை ஜெபத்தோடு கதவு திறக்கும் நிறுவனம் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். ஒப்பந்தக்காரர் வழியாக வரும் துப்புரவுப் பணியாளருக்கு என்ன கூலி? அவருக்கு வருங்கால வைப்பு நிதி கட்டப்படுகிறதா? சங்கம் வைத்தால் வேலை நிலைக்குமா? இவற்றுக்குப் பதில் இல்லாதவர், இயேசுவின் தலைமைப் பண்பைப் பற்றிப் பேச மேடையேறாமல் இருப்பதே மரியாதை.