ஆயில் எங்கே போனது?

காரின் பானட்டுக்குள் இருக்கும் திரவங்கள் ஒவ்வொன்றுக்கும் குறைவதற்கு ஒரு நியாயம் உண்டு. கண்ணாடி கழுவும் தண்ணீர் செலவாவதற்காகவே ஊற்றப்படுகிறது. எஞ்சின் ஆயிலில் ஒரு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிந்துபோகும். பிரேக் பேட் தேயத் தேய, தொட்டியில் பிரேக் ஆயிலின் மட்டமும் இறங்கும்; அது ஒழுகிப் போகவில்லை, தேய்ந்த பேடைத் தள்ளுவதற்காக முன்னே நகர்ந்த பிஸ்டனின் பின்னால் போய் நிற்கிறது. பவர் ஸ்டீயரிங் ஆயிலுக்கு மட்டும் இப்படிச் சொல்லிக்கொள்ள எந்தச் சமாதானமும் கிடையாது. அது எரிவதில்லை. எதையும் ஈடுகட்ட இடம் பெயர்வதுமில்லை. தொட்டி, பம்ப், ஹோஸ், சக்கரங்களைத் திருப்பும் ராக், மறுபடி தொட்டி என்று ஒரு மூடிய வட்டத்துக்குள்ளேயே சுற்றி வருகிறது. போன மாதம் நிரம்பியிருந்த தொட்டி இந்த மாதம் குறைந்திருந்தால் அது எங்கோ கசிகிறது, அவ்வளவுதான். இவ்வளவு எளிய கணக்கு நம் சர்வீஸ் பழக்கத்துக்குள் ஏறவே இல்லை. ‘பவர் ஸ்டீயரிங் ஆயில் கம்மியா இருந்துச்சு, டாப்-அப் பண்ணிட்டோம்’ என்று பட்டறையில் சொன்னால், ஒரு வேலை முடிந்த திருப்தியுடன் சாவியை வாங்கிக்கொள்கிறோம். உண்மையில், கசிவுக்கு இருந்த ஒரே சாட்சியை நிரப்பி மறைத்திருக்கிறார்கள். எவ்வளவு ஊற்றுவது என்று கேட்பதற்கு முன் எங்கே போனது என்று கேட்க வேண்டும். ஸ்டீயரிங் பராமரிப்பின் பாதி இந்தக் கேள்வியில் அடங்கிவிடும்.

கசிவு ஏன் எளிதில் கண்ணில் படுவதில்லை என்பதற்கு அந்த அமைப்பின் பிறப்பிலேயே பதில் இருக்கிறது. அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926-இல் ஒரு பியர்ஸ்-ஆரோ காரில் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். விற்பனைக்கு வந்த பயணிகள் காரில் அது இடம்பிடிக்க 1951-இன் கிரைஸ்லர் இம்பீரியல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டேவிஸின் சாமர்த்தியம் வால்வில் இருந்தது. வண்டி நேராக ஓடும்போது ஆயில் பெரிய அழுத்தம் இல்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதுதான் அழுத்தம் எழும். இன்றைய ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கும் அப்படித்தான். ஸ்டீயரிங் தண்டின் அடியில் உள்ள மெல்லிய முறுக்குக் கம்பி நம் கையின் விசையில் இம்மியளவு முறுகும். அந்த முறுக்கலில் வால்வு திறந்து, ராக்கின் ஒரு பக்கத்துக்கு ஆயிலை அனுப்பும். டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 2 பார். ஸ்டீயரிங்கை முழு லாக் வரை ஒடித்துப் பிடிக்கும்போது பல கார்களில் பிரஷர் ஹோஸுக்குள் ஏறுவது 80 முதல் 100 பார் வரை. எஞ்சினை அணைத்து வண்டியை நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பார்ப்பவருக்கு எல்லாம் உலர்ந்தே தெரிவதில் வியப்பில்லை. குற்றம் நடப்பது எஞ்சின் ஓடும்போது, அதுவும் திருப்பும்போது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து இருபுறமும் திருப்ப, இன்னொருவர் கைகளை பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் எட்டாமல் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அது பிடிபடும்.

கசிந்தால் ஊற்றிக்கொண்டே போனால் என்ன என்ற கேள்வி நியாயமானது. சேதம் கசிந்த இடத்தோடு நிற்பதில்லை என்பதுதான் இதற்குப் பதில். அந்த ஆயில் விசையைக் கடத்துகிறது, பம்பின் உள்ளுறுப்புகளுக்கு மசகாகிறது, சூட்டை எடுத்துச் செல்கிறது, சீல்களை மென்மையாக வைத்திருக்கிறது. அளவு குறைந்ததும் பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சத் தொடங்கும். குளிர்ந்த காலையில் வண்டியைத் திருப்பும்போது கேட்கும் ‘ங்ங்ங்’ என்ற முனகல் அதன் முதல் புகார். தொட்டியில் ஆயில் நுரைத்துப் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் காற்று கலந்துவிட்டது உறுதி. நுரை மசகாகாது. பம்புக்குள் சுழலும் தகடுகள் உலோகத்தோடு உலோகமாக உரசும். உரசலில் பிறந்த தூள் ஆயிலோடு பயணித்து வால்வுக்கும் ராக்குக்கும் போகும். அங்கே சீல்களைக் கீறும். கீறிய சீல் இன்னும் கசியும். ஒரு ஓ-ரிங்கில் தொடங்கிய கோளாறு பம்பையும் ராக்கையும் கேட்கும் செலவாக வளர்வது இந்த வழியில்தான். பழுதான பம்பை மட்டும் மாற்றிவிட்டு, குழாய்களையும் தொட்டியையும் கழுவாமல் விட்டால், மிச்சமிருக்கும் தூள் புதிய பம்பையும் தின்றுவிடும். ‘புது பம்ப் போட்டும் ஆறு மாசம் தாங்கலே’ என்ற புலம்பல் வரும்போது, பம்பைச் செய்தவரைத் திட்டுவதற்கு முன் பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றினார்களா என்று கேட்பது நல்லது.

‘தரையில் ஒரு சொட்டுகூட இல்லையே, பிறகெப்படி லீக்?’ என்பது அடுத்த மறுப்பு. தரை நம்பத்தகுந்த சாட்சி அல்ல. ராக்கின் இரு முனைகளிலும் துருத்தி போன்ற ரப்பர் பூட் மூடியிருக்கும். ராக்கின் முனை சீல் போய்விட்டால் ஆயில் முதலில் அந்தப் பூட்டுக்குள்தான் தேங்கும். அது நிரம்பி வழியும் வரை தரை சுத்தமாகவே இருக்கும். பூட்டைக் கையால் அழுத்திப் பார்த்தாலோ, அதன் கிளிப்பைத் தளர்த்தினாலோ உண்மை கொட்டிவிடும். பம்பின் தண்டு சீல் கசிந்தால் சுழலும் புல்லி ஆயிலைச் சுற்றிலும் தெளித்துவிடும். அது பெல்ட்டில் பட்டு வழுக்கும். அதே பெல்ட் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் ஓட்டும் வண்டிகளில் ஸ்டீயரிங்கின் நோய் வேறு உறுப்பின் நோயாகத் தெரியும். பிரஷர் ஹோஸின் கசிவு சூடான எக்ஸாஸ்ட்டில் விழுந்தால் புகையாகிப் போகும். இந்த ஆயில் தீப்பற்றக்கூடியது என்பதால் அந்தப் புகையை அலட்சியம் செய்யக் கூடாது. தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் உறிஞ்சும் பக்க ஹோஸின் விசித்திரம் வேறு. அதன் கிளாம்ப் தளர்ந்தால் ஆயில் வெளியே வராமலேயே காற்று உள்ளே போகலாம். அளவு சரியாக இருந்தும் சத்தமும் நுரையும் இருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. பல வண்டிகளில் தொட்டிக்குள்ளேயே இருக்கும் சல்லடை அடைத்துக்கொண்டாலும் பம்ப் இதேபோல் முனகும்.

‘குறைந்தால் கசிவு’ என்பதற்கு விதிவிலக்கே இல்லையா என்றால், உண்டு. ஆயில் சூட்டில் விரியும். அதனால்தான் பல தொட்டிகளில் குளிர்ந்த நிலைக்கும் சூடான நிலைக்கும் தனித்தனிக் கோடுகள் இருக்கின்றன. மதியம் ஓட்டி நிறுத்தியதும் பார்த்த அளவை மறுநாள் காலை அளவோடு ஒப்பிட்டுப் பதறுவது வீண். ஹோஸோ பம்போ மாற்றிய பிறகு உள்ளே சிக்கிய காற்று வெளியேறும்போதும் மட்டம் சற்று இறங்கும். அப்போது முன் சக்கரங்களைத் தூக்கி, ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, எஞ்சினை அணைத்த நிலையில் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகப் பலமுறை திருப்பி ஏர் எடுக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடிய வண்டியில் சீல் ஓரம் இலேசாக ஈரம் கண்டு தூசி ஒட்டியிருப்பதும் உண்டு. ஓர் ஆண்டில் மட்டம் ஒரு நூலளவுகூட இறங்கவில்லை என்றால் அதை விட்டுவிடலாம். ஆனால் இவை விதிவிலக்குகள் என்று தெரிந்துகொள்ளவும் ஒரே வழிதான் இருக்கிறது: எப்போதும் வண்டி குளிர்ந்திருக்கும்போது, சமதரையில், ஒரே கோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, தேதியோடு குறித்து வைப்பது. இரண்டு குறிப்புகள் இருந்தால் சந்தேகம் தீரும். குறிப்பே இல்லாமல் டாப்-அப் மட்டும் நடந்த வண்டியில் கசிவின் வேகத்தை யாராலும் சொல்ல முடியாது.

கடைகளில் கிடைக்கும் ‘ஸ்டாப் லீக்’ புட்டி இன்னொரு சபலம். இறுகிப்போன ரப்பரை ஊதச்செய்து மென்மையாக்குவதுதான் அதன் வேலை. முதுமையில் விறைத்த சீலுக்கு அது சில காலம் பலன் தரலாம். கிழிந்த சீலையோ, துருப்பிடித்துச் சொரசொரத்த ராக் தண்டையோ எந்தத் திரவமும் ஆற்றாது. அதை உள்ளேயே விட்டுவைத்தால், நல்ல நிலையில் உள்ள மற்ற சீல்களும் தேவையின்றி ஊதும். ஊற்றும் ஆயில் எது என்பதும் கவனிக்க வேண்டியது. சில வண்டிகள் ஆட்டோமேட்டிக் கியருக்கான சிவப்பு ஏடிஎஃப் கேட்கும், சில பச்சை நிற சிந்தெடிக் ஆயிலையே ஏற்கும், சில நிறுவனங்கள் தங்கள் தனி வகையை வலியுறுத்தும். நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பது ஆபத்து. தொட்டியின் மூடியிலும் கையேட்டிலும் எழுதியிருப்பதே சட்டம். அவசரத்துக்குப் பிரேக் ஆயிலை ஊற்றுவது எல்லாவற்றிலும் மோசம். கிளைக்கால் வகையைச் சேர்ந்த அது, ஸ்டீயரிங்கின் ரப்பர் சீல்களைக் கெடுத்துவிடும். ‘கையேட்டில் மாற்றும் காலமே போடவில்லையே’ என்று சிலர் கேட்பார்கள். காலம் போடாததால் ஆயில் கெடாது என்று ஆகிவிடாது. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கறுத்து, கருகிய வாடை அடித்தால் தொட்டியில் இருப்பதை உறிஞ்சி எடுத்துப் புதிதை நிரப்பி, சில நாள் ஓட்டிவிட்டு மறுபடியும் அதையே செய்ய வேண்டும். இது ஆயிலின் தரம் பற்றிய வேலை. கசிவைத் தேடுவதற்கு இது மாற்று ஆகாது.

‘பவர் போனாலும் ஸ்டீயரிங் திரும்பத்தானே செய்யும்’ என்பது அனுபவசாலிகளின் வாதம். உண்மைதான், கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தொடர்பு அறுபடுவதில்லை. பிரீமியர் பத்மினியை எந்த உதவியும் இல்லாமல் ஒரு தலைமுறையே ஓட்டியது. ஆனால் பத்மினிக்காரருக்கு எவ்வளவு பலம் போட வேண்டும் என்று முதல் நாளே தெரியும். அந்த வண்டியின் ஸ்டீயரிங் பற்சக்கரங்களும் கைப்பலத்துக்கு ஏற்ற விகிதத்தில் இருந்தன. இன்றைய கனமான வண்டி உதவியை நம்பி வடிவமைக்கப்பட்டது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் ஸ்டீயரிங் கிட்டத்தட்ட முழுதாக ஒடிகிறது, வேகமோ குறைவு. அமைப்பு அதிகம் உழைப்பது அந்த நிமிடங்களில்தான். பலவீனமான ஹோஸ் வெடிப்பதானால் வெடிக்க வாய்ப்பு கூடிய இடமும் அதுவே. ஒரு விரலுக்குத் திரும்பிய ஸ்டீயரிங் பாதி வளைவில் இரு கைகளின் முழு பலத்தையும் கேட்டால், ஓட்டுநருக்கு அதைப் புரிந்துகொள்ளவே ஒரு விநாடி போகும். அந்த ஒரு விநாடியில்தான் ஆபத்து இருக்கிறது.

இதெல்லாம் ஹைட்ராலிக் கதை, புதிய கார்களில் ஆயிலே இல்லையே என்று சொல்லலாம். 1988-இல் சுஸுகி செர்வோவில் அறிமுகமான மின்சார ஸ்டீயரிங் இன்று நம் சிறு கார்களில் பரவிவிட்டது. பெல்ட்டும் பம்பும் இல்லை, திருப்பும்போது மட்டும் மோட்டார் மின்சாரம் எடுக்கிறது, அதனால் எரிபொருளும் மிச்சம். ஆனால் கேள்வி மாறவில்லை. அங்கே ஆயில் மட்டத்தின் இடத்தில் டேஷ்போர்டின் எச்சரிக்கை விளக்கு நிற்கிறது. ஸ்கேனரைச் செருகி அதை அழித்துவிட்டு வண்டியைக் கொடுப்பது டாப்-அப்பின் மறுபிறவி. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது அந்த மோட்டார் பல்பத்து ஆம்பியர் இழுக்கும். பேட்டரி தளர்ந்திருந்தால், ஆல்டர்னேட்டர் சோர்ந்திருந்தால், எர்த் வயரின் முனை துருப்பிடித்திருந்தால், கணினி உதவியைக் குறைத்துவிடும் அல்லது நிறுத்திவிடும். இவற்றைச் சோதிக்காமல் முழு ஸ்டீயரிங் யூனிட்டையும் மாற்றச் சொல்வது தலைவலிக்குத் தலையையே மாற்றுவது. இரண்டு வகைக்கும் பொதுவான எதிரி கிழிந்த ராக் பூட். மழைநீரும் மணலும் உள்ளே புகுந்தால் ராக் துருப்பிடிக்கும், பற்கள் தேயும். டயரில் காற்று குறைந்தாலும் எந்த ஸ்டீயரிங்கும் கனக்கும் என்பதால் முதல் சோதனை பெட்ரோல் பங்க்கில் முடிந்துவிடக்கூடும்.

கடைசியாக மெக்கானிக்கின் தரப்பு. கசிவைத் தேடு என்று சொல்வது எளிது. தேடும் நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது? பொருள் மாற்றினால் பில் போடலாம், பார்த்ததற்குப் பில் போட்டால் ‘என்ன வேலை செஞ்சே?’ என்று கேட்கிறோம். டாப்-அப் கலாசாரத்துக்குப் பட்டறைகளின் சோம்பலைவிட நம்முடைய இந்தக் கஞ்சத்தனமே பெரிய காரணம். முழு ராக்கை மாற்றுவது சரியான முடிவாகும் சமயங்களும் உண்டு. தண்டில் துரு குழி பறித்துவிட்டால் அதன் மேல் புதிய சீல் கிட் போடுவது ஓட்டை வாளிக்கு வர்ணம் அடிப்பது. ஆனால் அந்தத் தண்டை நமக்குக் காட்டிவிட்டு மாற்றட்டும். தொட்டியையும் ஹோஸ்களையும் நன்றாகத் துடைத்து, இரண்டு நாள் ஓட்டிவிட்டுத் திரும்பி வரச்சொல்லி, புதிய ஈரம் எங்கே தொடங்குகிறது என்று கீழிருந்து மேலாகத் தேடும் அரைமணி நேரத்துக்கு ஒரு விலை உண்டு. அதை மனமார நாம் கொடுக்கத் தொடங்கினால், ‘ஆயில் ஊத்தியாச்சு’ என்று எழுதிய இடத்தில் ‘ரிட்டர்ன் ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருந்தது, மாற்றியாச்சு’ என்று எழுதுவார்கள். அடுத்த சர்வீஸில் தொட்டி அதே கோட்டில் நிற்கும். ஊற்றுவதற்கு வேலை இருக்காது.