பளிங்குத் தண்ணியும் பக்கத்துக் குழியும்

சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது நாங்கள் எல்லாரும் கொதித்தோம். போராட்டம், வழக்கு என்று போய், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த மின் உற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. மாசாக்கினவனே காசு கட்ட வேணும். நியாயம்தான், எனக்கு அதில் ஒரு மாற்றுக் கருத்தும் இல்லை.

என் கேள்வி வேறை. எங்கட கிணத்துக்குள்ள நாங்களே விடுறதுக்கு எந்தக் கோட்டில வழக்குப் போடுறது?

(திட்ட வாறவை கடைசி வரைக்கும் வாசிச்சிட்டுத் திட்டுங்கோ :-) )

யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மழை ஒன்றுதான் வரவு, அதைச் சேமிக்கும் வங்கி நிலத்துக்குக் கீழே இருக்கிற சுண்ணக்கல். அந்தக் கல் முழுக்க வெடிப்பும் பொந்தும். மேலே பல இடங்களில் மெல்லிய மண்படைதான். "மண் வடிச்சுப் போடும்" என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. நிலாவரையில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதந்தது என்று கதை சொல்லிப் பெருமைப்படுகிற நாங்கள், வளவுக்குள் இருக்கிற மலக்குழிக்கும் கிணற்றுக்கும் தொடுப்பு இருக்கும் என்று மட்டும் நம்பமாட்டோம்!

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். அம்மம்மா காலத்தில் ஒரே வளவு. சீதனம் சீதனமாகப் பிரிந்து இப்போது மூன்று வீடு. கிணறு ஒன்று, குழி மூன்று. பின்வேலிக்கு அந்தப் பக்கம் யூரியா குடிக்கும் வெங்காயத் தோட்டம். போன வருசம் சித்திக்குக் குழந்தை பிறந்தது. பால்மாவைக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் கரைத்தார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை, ஒரு போத்தலில் தண்ணீரை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கிருமியும் இருந்தது, நைத்திரேற்றும் வரம்பைத் தாண்டியிருந்தது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். போத்தல் பால் குடிக்கிற கைக்குழந்தைகளை நினைத்து வைத்த வரம்பு அது. கூடினால் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று சாகாது. தண்ணீர் வற்ற வற்ற அது செறிந்துகொண்டுதான் போகும். குளோரீனும் அதை ஒன்றும் செய்யாது. எண்ணெய் என்றால் கண்ணுக்குத் தெரியும், மணக்கும். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதனால்தான் ஒருத்தரும் ஊர்வலம் போகவில்லை.

அறிக்கையைக் காட்டினேன். அப்பா சொன்னது: "அம்மம்மா 86 வயசு மட்டும் இந்தத் தண்ணிதான் குடிச்சவ." உண்மை. ஆனால் அம்மம்மா குடித்த காலத்தில் கிணற்றைச் சுற்றி மூன்று குழி இருக்கவில்லை. அதே கிணறு, ஆனால் அதே தண்ணீர் இல்லை.

"போத்தல் தண்ணி வாங்கினால் சரி" என்பார்கள் சிலர். காசு உள்ளவன் வாங்குவான். அவன் வீட்டுக் குழி ஊறுவது, வாங்க வழியில்லாத பக்கத்து வீட்டான் கிணற்றுக்குள்.

நான் வணிகம் படிக்கிறவன். மோட்டார் சைக்கிளுக்கு சேர்விஸ், வீட்டுக்குப் பெயின்ற், எல்லாத்துக்கும் எங்களிடம் காசு இருக்கிறது. உயிர் காக்கும் கிணற்றுக்குப் பெறுமானத்தேய்வு என்று ஒரு சதம் ஒதுக்கிய வீட்டைக் காட்டுங்கள் பார்ப்போம்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. குழிக்குப் பதிலாக அடியும் சுவரும் பூசின தொட்டி, நிரம்பினால் வண்டி பிடித்து எடுப்பது. கிணற்றடிக்கு வெடிப்பில்லாத சீமெந்துத் தளம், ஊற்றின தண்ணீர் திரும்ப உள்ளே போகாமல் ஒரு வாய்க்கால். மாரி வெள்ளம் இறங்கினபிறகு இறைத்துக் குளோரீன். வருசத்துக்கு ஒருமுறை பரிசோதனை. தோட்டக்காரர் உரத்தை அள்ளிக் கொட்டாமல் அளந்து போடுவது.

சித்தியின் குழந்தைக்கு இப்போது வெளியிலிருந்து தண்ணீர் வருகிறது. அதே நேரம் அண்ணாவின் புது வீட்டுக்கு நாலாவது குழி வெட்டக் கயிறு பிடித்தாகிவிட்டது. கிணற்றுக்கும் குழிக்கும் குறைந்தது 50 அடி வேணும் என்பார்கள், எங்கள் கல்லுக்கு அதுவும் போதாது. நான் நாடாவால் அளந்தேன். 22 அடி!

அப்பாவோடு மூன்று நாளாகப் பேச்சில்லை. பூசின தொட்டி என்றால் நானும் கல் சுமக்கிறேன். வெறுங்குழி என்றால் வெட்டுகிற அன்று அதற்குள் நான்தான் நிற்பேன்.

நீங்களும் ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போங்கோ. அளந்துபோட்டு வந்து என்னைத் திட்டுங்கோ.