கார்த்திகை இருளும் மிதிவண்டி விளக்கும்

கார்த்திகை பிறந்துவிட்டால் பொழுது சுருங்கிவிடும் என்று நம் தாய்மார் கூறக் கேட்டிருக்கிறோம். விளக்கேற்றும் வேளை முந்தி வந்துவிடுகிறது. வயல்வேலை முடியுமுன் இருள் கவிகிறது. பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள் இருட்டிய பின்னரே வீடு வந்து சேர்கின்றனர். ஆண்டு மலரில் எழுதுதற்குப் பெரும் பொருள்கள் எத்தனையோ இருக்க, இருளில் மிதிவண்டி செலுத்துதலாகிய இச்சிறு பொருளை நாம் எடுத்துக்கொண்டது ஏன் எனின், நம் மாணவ மாணவியருள் ஒரு பகுதியினர் கீழப்பாவூர், மேலப்பாவூர், குறும்பலாப்பேரி, திப்பணம்பட்டி முதலிய ஊர்களினின்று மிதிவண்டியில் பாவூர்ச்சத்திரம் வந்து, வண்டியை அங்கு விட்டு, பஸ்ஸிலோ இரயிலிலோ ஏறி நம்மிடம் வருகின்றவர்கள். மாலையில் அவர்கள் திரும்பி இறங்கும்போது ஊர் இருண்டு கிடக்கும். அதன் பின்னரும் இரண்டு மூன்று மைல் அவர்கள் வண்டி மிதித்தாக வேண்டும். அவ்வண்டிகளில் விளக்குடையன மிகச் சிலவே.

நம் நாட்டில் பொழுது எவ்வளவுதான் சுருங்குகிறது என்று முதற்கண் காண்போம். இலண்டன் மாநகரில் மார்கழிப் பகல் 8 மணி நேரத்திற்கும் குறைவு. ஆனிப் பகலோ 16½ மணி நேரத்திற்கும் மிகுதி. தென்காசி வட்டாரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் அமைந்திருத்தலால், இங்கு மிக நீண்ட பகல் 12 மணி 40 நிமிடத்தை ஒட்டியும், மிகக் குறுகிய பகல் 11½ மணி நேரத்திற்குச் சற்று மேலாகவும் இருக்கும். ஆண்டு முழுவதிலும் வேற்றுமை ஒரு மணி நேரத்தளவே. சீமையில் இருள் வரும் என்பதை ஒவ்வொருவரும் அறிந்து அதற்கென ஆயத்தம் செய்துகொள்கின்றனர்; சூரியன் மறைந்தது முதல் உதிக்கும்வரை முன்னே வெண்விளக்கும் பின்னே செவ்விளக்கும் இன்றி மிதிவண்டி செலுத்தலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். நமக்கோ ஒரு மணி நேரந்தானே என்னும் எண்ணம். அந்த ஒரு மணி நேரம் நம் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்தின்மேல் வந்து விழுகிறது என்பதை எவரும் கருதுவதில்லை.

இன்னும் ஒன்று. மிகக் குறுகிய பகல் மார்கழித் தொடக்கத்தில், டிசம்பர் 21-ஐ ஒட்டி வருவது. ஆனால் சூரியன் மிக முந்தி மறைவது அந்நாளில் அன்று. கார்த்திகை பிறக்கும் நாட்களில், நவம்பர் நடுவில், மாலை ஏறத்தாழ 5 மணி 57 நிமிடத்திற்கே மறைந்துவிடுகிறது. ஆடி மாதத்தைவிட இது முக்கால் மணி நேரம் முந்தியது. அதுபோலவே மிகப் பிந்திய உதயம் தை மாதத்தின் நடுவில் வருகிறது. அப்போது சூரியன் எழ 6 மணி 40 நிமிடமாகிவிடும். பூமி கதிரவனைச் சுற்றும் வேகம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இல்லாமையாலும், அதன் அச்சு சாய்ந்திருத்தலாலும், நம் கடிகார நண்பகலும் வானத்து நண்பகலும் ஒன்றையொன்று முந்தியும் பிந்தியும் செல்வதே இதற்குக் காரணம். ஆதலின் மாலை வழிச் செல்வோர்க்கு இடர்மிக்க காலம் ஐப்பசியும் கார்த்திகையும். வைகறையில் புறப்படுவோர்க்கு மார்கழியும் தையும்.

நம் பக்கத்து அந்தி மிகக் குறுகியது என்பதும் நினைக்கத்தக்கது. வடநாடுகளில் சூரியன் சாய்வாக இறங்குதலால் மங்கல் ஒளி நெடுநேரம் நிற்கும். இங்கோ ஏறக்குறைய நேரே கீழிறங்குதலால் இருபது நிமிடங்களுக்குச் சற்று மேலாயின் இருள் சூழ்ந்துவிடும். கீழப்பாவூரில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு மலைத்தொடர் குறுக்கே நிற்பதால், பஞ்சாங்கம் கூறும் நேரத்திற்கு முன்பே வெயில் போய்விடுகிறது. அதன்மேல் வடகிழக்குப் பருவ மேகமும் கூடிவிட்டால் ஐந்தரை மணிக்கே முகம் தெரிவதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலச் சாரல் வீசும்போதும் வானம் மூடித்தான் இருக்கிறது; ஆயினும் அப்போது பகல் நீண்டிருத்தலால் பிள்ளைகள் வீடு சேர்ந்துவிடுகின்றனர்.

இக்காலத்தில் சாலையில் யார் யார் செல்கின்றனர் என்று பாருங்கள். பால் கறந்து எடுத்துச் செல்வோரும், பாவூர்ச்சத்திரம் சந்தைக்குக் காய்கறி மூட்டையைக் கேரியரில் கட்டிச் செல்லும் உழவரும் கோழி கூவுமுன் புறப்படுகின்றனர். மாலையில் மாணாக்கர், கொத்தனார், கடைச் சிப்பந்திகள். இவர்களோடு, கார்த்திகை முதல் நாளிலிருந்து மகரவிளக்கு முடியும்வரை, சபரிமலைக்குச் செல்வோர் வண்டிகள் தென்காசி, செங்கோட்டை, புளியரை வழியாக இரவும் பகலும் ஓடுகின்றன. ஓட்டுநர் பலர் இவ்வூர்ச் சாலையை முன்பின் அறியாதவர். பலர் உறக்கம் விழித்து வருகின்றவர். மலையாள நாட்டுக்குக் கல்லும் மணலும் ஏற்றிச் செல்லும் லாரிகளும் இவ்வழியே செல்வன. திருநெல்வேலி–தென்காசிச் சாலை நான்கு வழிச் சாலையாக விரிவாக்கப்பட்டதில் வாகனங்களின் வேகமும் கூடியிருக்கிறது. பொழுது சுருங்கும் மாதமும் போக்குவரத்துப் பெருகும் மாதமும் நம் வட்டாரத்தில் ஒன்றாகவே வருகின்றன.

“எனக்குக் கண் நன்றாகத் தெரியும், வழியும் பழகிய வழி, விளக்கு எதற்கு?” என்று இளைஞர் வினவுகின்றனர். நிலவில்லா இரவிலும் பழகிய கண் குளத்துக் கரையையும் வரப்பையும் பிரித்தறியும் என்பது உண்மையே. ஆனால் கண் இருளுக்கு முற்றும் பழக இருபது முப்பது நிமிடங்கள் வேண்டும்; எதிரே வரும் காரின் முகவிளக்கு ஒரு நொடியில் அதனைக் கெடுத்துவிடும். அன்றியும் வண்டி விளக்கு நமக்கு வழி காட்டுவதற்காக மட்டும் ஏற்பட்டதன்று. நாம் இருக்கிறோம் என்பதைப் பிறர்க்குக் காட்டுவதே அதன் பெரும்பணி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஓட்டுநர் முன்னே ஒன்றைக் கண்டு, இன்னதென உணர்ந்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள் சுமார் 25 மீட்டர் ஓடிவிடும். நனைந்த சாலையில் அதன்பின் நிற்பதற்கு அதனினும் மிகுதியான தூரம் வேண்டும். கருநிற உடையில் விளக்கின்றிச் செல்லும் ஒருவன், தாழ்த்திய முகவிளக்கின் ஒளியில் தெரிவதற்குள் வண்டி பெரும்பாலும் இத்தூரத்திற்குள் வந்துவிடுகிறது. மட்கார்டில் பதித்த சிவப்பு ரிப்ளெக்டர் ஒன்று 100 மீட்டருக்கு அப்பாலிருந்தே மின்னும். வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பியனுப்புமாறு சிறுசிறு மூலைகளாக வார்க்கப்பட்டது அது. மின்கலமும் வேண்டா, எண்ணெயும் வேண்டா.

முற்காலத்தில் இதனை நம்மவர் அறியாமலில்லை. மிதிவண்டி நம் நாட்டுக்கு வந்த நாளில் எண்ணெய் விளக்கும் உடன் வந்தது. பின்னர்க் கார்பைடு விளக்கு வந்தது. கால்சியம் கார்பைடின்மேல் நீர் சொட்டச் சொட்ட அசிட்டிலின் வாயு எழுந்து வெண்சுடராக எரியும். அதன் நாற்றத்தை நினைவுகூரும் பெரியோர் இன்று அரியர். அதன்பின் டைனமோ. டயரின் பக்கத்தில் உராய்ந்து சுழலும் அச்சிறு கருவியால் மிதிப்பது சற்றுக் கடினமாகும். வண்டி நின்றால் விளக்கும் அணையும். எனினும் செலவில்லா ஒளி தந்தது. விளக்கின்றி இரவில் வண்டி செலுத்துவோரைக் காவலர் மறித்து அபராதம் விதித்த காலமும், டயரில் காற்றைப் பிடுங்கிவிட்ட காலமும் உண்டென்று முதியோர் சொல்லக் கேட்கிறோம். காவலரை ஏய்க்கக் காகிதக் கூட்டுக்குள் மெழுகுவர்த்தி ஏந்திச் சென்ற சூரரும் இருந்தனராம்! அக்கண்டிப்பு மெல்ல மெல்ல மறைந்தது. மோட்டார் வண்டிகள் பெருகப் பெருகக் காவலரின் கண்ணும் அவற்றின்மேல் சென்றது. மிதிவண்டி ஏழையின் வண்டியாயிற்று. ஏழையின் வண்டிக்கு விளக்கு வேண்டுமென்று கேட்பார் இல்லை.

இங்கு நாம் சொல்ல வந்த கருத்துக்கு வருகிறோம். தமிழ்நாட்டரசு 2001–02-ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி, 2005–06 முதல் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பில் பயிலும் மற்றையோர்க்கும் அதனை விரிவாக்கியது. இத்திட்டத்தால் எத்தனை சிற்றூர்ப் பெண்கள் படிப்பைத் தொடர்ந்தனர் என்பதற்கு நம் வகுப்பறைகளே சான்று. ஆனால் அவ்வண்டிகளுள் நாம் காண்பனவற்றில் விளக்கு எரிவதை அரிதாகவே காண்கிறோம். விளக்கில்லா வண்டி பாதி வண்டியே என்பது நம் கருத்து. ஆடியில் முழுவதும் பயன்பட்ட வண்டி கார்த்திகையில் மாலை ஆறு மணியோடு பயனற்றுப் போகிறது. ஆண்பிள்ளைகள் துணிந்து இருளில் மிதிக்கின்றனர். பெண்பிள்ளைகள் நிலை வேறு. “இருட்டிவிடும்; மாலை வகுப்பு வேண்டா, நூலகத்தில் உட்கார வேண்டா, நேரே வந்துவிடு” என்று பெற்றோர் கூறிவிடுகின்றனர். அவர்களை நாம் குறை கூறோம். அவர்கள் அச்சம் நியாயமானது. ஆயினும் ஐப்பசி முதல் தை வரை நான்கு மாதம், அரையாண்டுத் தேர்வும் செய்முறைப் பயிற்சியும் நடக்கும் அக்காலத்தில், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒரு மாணவிக்கு இல்லாமற் போகுமாயின் அது சிறிய இழப்பாகுமா? 1991–92-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் வாயிலாகப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றுத் தம் வேலைக்குத் தாமே சென்றனர். அவர்கள் வென்றது தம் நேரத்தை. அந்த நேரத்தில் ஒரு பகுதியை இருளுக்குத் திருப்பிக் கொடுப்பது நமக்கு ஒவ்வாது. இருள் ஒன்றே பெற்றோரின் அச்சத்துக்குக் காரணம் என்றோ, விளக்கு வந்ததும் எல்லா அச்சமும் நீங்கிவிடும் என்றோ நாம் கூறவில்லை. இருந்தும் நீக்கக்கூடிய அச்சம் எதுவோ அதை முதலில் நீக்கலாமன்றோ?

விளக்கைத் திருடிவிடுகின்றனர் என்பது அடுத்த தடை. அது மெய்யே, சந்தையிலும் நிலையத்திலும் விட்ட வண்டியில் கழற்றத்தக்கது எதுவும் தங்குவதில்லை. ஆதலால் சட்டத்தோடு திருகி இறுக்கியதாகவோ சட்டைப் பையில் எடுத்துச் செல்லத்தக்கதாகவோ அமைதல் வேண்டும். டென்மார்க் நாட்டு ஓடென்ஸ் நகரில், சக்கரத்துக் கம்பியில் காந்தத்தைப் பொருத்தி, உராய்வும் மின்கலமும் இன்றி எரியும் விளக்குகளை வைத்து ஒரு பரிசோதனை நடத்தினர். கலந்துகொண்ட 3,845 பேரில் ஒரு பிரிவினர்க்கு அவ்விளக்குகளைத் தந்து, பகலிலும் இரவிலும் எரியச் செய்தனர். விளக்குப் பெற்றோரிடையே காயம் நேர்ந்த விபத்துக்கள் மற்றைப் பிரிவினரினும் 19 சதவிகிதம் குறைந்திருக்கக் கண்டனர். அந்நகர் தெருவிளக்கு நிறைந்தது. சாலையில் மிதிவண்டிக்குத் தனி வழி உண்டு. அங்கேயே அப்பயன் எனின், குளக்கரை ஓரத்தில் ஒரு கம்பத்துக்கும் மறு கம்பத்துக்கும் இடையே இருள் தேங்கிய நம் வழிகளில் பயன் குறைவாக இராது என்று எண்ண இடமுண்டு.

மோட்டார் ஓட்டுவோரையும் விட்டுவிடலாகாது. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிர் நீத்தனர் என்பது மத்திய அரசின் கணக்கு. அவருள் மிதிவண்டியில் சென்றோர் சில ஆயிரவர். எதிரே மிதிவண்டி வரும்போது முகவிளக்கைத் தாழ்த்தும் ஓட்டுநரை நாம் கண்டதில்லை. எதிரே லாரி வந்தால் தாழ்த்துவர்! குற்றமெல்லாம் விளக்கில்லாத பையன்மேல் என்று விபத்துக்குப்பின் பேசுவது எளிது. விளக்கை அவன் கைக்குக் கொடுத்துவிட்டுப் பிறகன்றோ அவனைக் கேட்டல் வேண்டும்? மிதிவண்டியின் எதிரொளிப்பான்களுக்குத் தரம் வகுத்து மத்திய அரசு 2020-இல் ஆணை பிறப்பித்தது நன்று. ஆனால் அது புது வண்டிக்கு உதவும். அண்ணன் ஓட்டித் தம்பிக்கு வந்து, தம்பி ஓட்டித் தந்தை சந்தைக்கு எடுத்துச் செல்லும் வண்டிக்கு யார் பொருத்துவது?

இதனை நாமே தொடங்கலாம் என்று தோன்றுகிறது. நம் நாட்டுநலப்பணித் திட்ட மாணவர் ஆண்டுதோறும் சிற்றூர்களில் முகாம் செய்கின்றனர், மரம் நடுகின்றனர், கோயில் குளம் துப்புரவு செய்கின்றனர். ஒரு முகாமைக் கீழப்பாவூரிலும் பாவூர்ச்சத்திரம் சந்தையிலும் வைத்து, வருகின்ற வண்டிக்கெல்லாம் பின்னே சிவப்பும் முன்னே வெள்ளையும் மிதிகட்டையில் மஞ்சளுமாக எதிரொளிக்கும் பட்டைகளை ஒட்டலாம். பழைய மாணவர் சங்கத்தார்க்கு அச்செலவு பெரிதாகாது. விளக்கு வாங்க இயலாத மாணவியர்க்குக் கல்லூரியே விளக்குக் கொடுத்து ஆண்டிறுதியில் திரும்பப் பெறலாம், நூலகப் புத்தகத்தைப் போல. ஐப்பசி முதல் தை வரை மாலைச் சிறப்பு வகுப்புகளை அரைமணி முன்னதாகத் தொடங்கி முடிப்பது முதல்வர் அவர்களின் ஓர் அறிக்கையால் ஆகக்கூடியது. பட்டையில் சேறு படிந்தால் ஒளி திரும்பாது என்பதை ஒட்டும்போதே சொல்லிவிட வேண்டும். மழைநாளில் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் போதும். இவையாவும் ஐப்பசிக்குள் முடிதல் வேண்டும். சொக்கப்பனை கொளுத்தும் நாளில் தொடங்குவோமாயின் மாலையிருள் மிக முந்தி வரும் நாட்கள் அதற்குள் வந்துவிட்டிருக்கும்.