ரகசியம் காப்பாற்றினால்தானே வாய் திறப்போம்!

போன மாதம் சேலத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய பேப்பர் கடைக்குப் போடுவதற்காக அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது, அவள் கணவரின் ஆபீஸ் காகிதங்களுக்கு நடுவே ஒரு மடிப்புத் தாள் கிடைத்தது. 'ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் இலவச மனநல ஆலோசனை. பேசுவது எதுவும் வெளியே போகாது' என்று அச்சடித்து, ஒரு போன் நம்பரும் போட்டிருந்தார்கள். தேதியைப் பார்த்தால் இரண்டு வருஷத்துக்கு முந்தையது!

தங்கை அதை வாங்கிப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஆறேழு மாதம் அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். காரணமில்லாமல் அழுவாள். ராத்திரி தூங்கமாட்டாள். குழந்தையைத் தூக்கவே பயப்படுவாள். "பச்சை உடம்புக்காரி, அப்படித்தான் இருக்கும்" என்று நான் உள்பட எல்லோரும் சொல்லிவிட்டோம். "இது அப்பவே தெரிஞ்சிருந்தா ஒரு போனாவது பண்ணியிருப்பேனேக்கா" என்றாள். அவள் வீட்டுக்காரரைக் கேட்டதற்கு, "ஆபீஸ்ல எல்லாருக்கும் கொடுத்தாங்க. நமக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. குடும்பத்தாருக்கும் உண்டு என்று தாளில் போடுகிறவர்கள், அந்தத் தாளைக் குடும்பத்தார் கையில் சேர்ப்பதில்லையே! புருஷனின் சட்டைப் பையோடு நின்றுபோகிற சலுகை பெண்டாட்டிக்கு எப்படிக் கிடைக்கும்?

இந்த ஏற்பாடு புதிதல்ல. 1940-களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் குடிப்பழக்கத்தால் வேலையைக் கெடுத்துக்கொண்ட தொழிலாளர்களை மீட்பதற்காகத் தொடங்கியதுதான், பிறகு குடும்பச் சண்டை, கடன், மனச்சோர்வு என்று எல்லாவற்றுக்குமாக வளர்ந்தது. நம் நாட்டிலும் பெரிய கம்பெனிகள் பல இதை வைத்திருக்கின்றன. கம்பெனி பணம் கட்டும். ஆனால் ஆலோசனை சொல்பவர் பெரும்பாலும் வெளியாள். எத்தனை பேர் பேசினார்கள் என்ற கணக்குதான் கம்பெனிக்குப் போக வேண்டும். யார் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்பது போகக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்கிற நிலை வந்தால் மட்டும் விதிவிலக்கு. தமிழகக் காவல்துறையிலும் 2018-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் துணையோடு காவலர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் நிறைவாழ்வுப் பயிற்சி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். லத்தி பிடிக்கிறவர்களுக்கே மனசு விட்டுப் பேச இடம் வேண்டுமென்றால் மற்றவர்களுக்கு வேண்டாமா?

இப்போது எங்கள் சேர்வராயன் மலைக்கு வருகிறேன். இங்கே கதை நேர்மாறு. சில வருஷங்களுக்கு முன்னால், காப்பிப் பழம் பறிக்கிற நாட்களில், எனக்குத் தெரிந்த ஒரு பெண் நெற்றியில் காயத்தோடு வேலைக்கு வந்தாள். என்ன என்று கேட்டால், "மரக்கிளை இடிச்சிருச்சுங்கக்கா" என்றாள். தினமும் குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவன். ஒருநாள் தாங்க முடியாமல், தோட்டத்தில் தொழிலாளர் குறை கேட்பதற்கென்று இருந்த ஒருவரிடம் போய் அழுதிருக்கிறாள். அவர் கெட்ட மனிதரில்லை. ஆனால் பொழுது சாய்வதற்குள் விஷயம் எல்லா வீட்டுத் திண்ணைக்கும் போய்விட்டது. "ஊரெல்லாம் சொல்லி என் மானத்தை வாங்கிட்டியா?" என்று அன்றைக்கு விழுந்த அடி முன்னைவிட அதிகம். பாதிப் பறிப்பிலேயே கூலியை விட்டுவிட்டு, குழந்தைகளோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரும் எதையும் யாரிடமும் சொல்வதில்லை. எல்லாருக்கும் மரக்கிளைதான் இடிக்கிறது!

தோட்டத் தொழிலாளிக்கு நலன் பார்க்க ஆள் வேண்டும் என்று 1951-லேயே சட்டம் சொன்னது. 300 தொழிலாளர் இருந்தால் நல அதிகாரி நியமிக்க வேண்டும் என்றது. 2020-ல் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 250 என்று குறைத்திருக்கிறது. ஆனால் எங்கள் மலையில் பத்துப் பேர், இருபது பேர் வைத்து நடத்துகிற சின்னத் தோட்டங்கள் நிறைய. அவற்றுக்கு யார் வருவார்கள்?

ரகசியத்துக்கும் சட்டம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சைக்கு வருபவரின் விஷயங்களை வெளியே சொல்லாமல் காப்பது அவருடைய உரிமை என்றே சொல்கிறது. இதெல்லாம் மலைமேல் எத்தனை பேருக்குத் தெரியும்?

"பேசினால் எல்லாம் தீர்ந்துவிடுமா? அதற்குப் பதில் கூலியைக் கூட்டிக் கொடுக்கட்டும்" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வேலைச் சுமையும் குறைந்த கூலியும்தான் வியாதி என்றால், பேச்சு அதற்கு மருந்தாகாது. கூலி கூலிதான், ஆறுதல் ஆறுதல்தான். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுக்கக் கூடாது என்பது என் கருத்து.

எனக்குத் தோன்றுவது இதுதான். முதலாவது, கம்பெனிக்காரர்கள் இந்தத் தாளைத் தமிழில் அச்சடித்து, வீட்டு விலாசத்துக்கு மனைவி பெயரிலும் அனுப்பட்டும். இரண்டாவது, ஆலோசனை சொல்பவர் முதலாளிக்குச் சம்பளக் கணக்கு எழுதுகிறவராகவோ, மேஸ்திரிக்கு உறவுக்காரராகவோ இருக்கக் கூடாது. மூன்றாவது, சின்னத் தோட்டக்காரர்கள் ஒன்றுசேர்ந்து செலவைப் பங்கிட்டு, கீழேயிருந்து ஒரு பெண் ஆலோசகரை மாதம் இரண்டு தடவையாவது மேலே வரவழைக்கட்டும். அவர் தோட்ட ஆபீஸில் உட்கார வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்காரட்டும். அங்கே போனால் 'காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கப் போனேன்' என்று சொல்லிக்கொள்ளலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்!

அதுவரைக்கும் அரசாங்கத்தின் 14416 என்கிற நம்பர் இருக்கிறது. 2022-ல் தொடங்கியது. ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. ஆனால் பல வீடுகளில் ஒரே ஒரு போன்தான். அதுவும் வீட்டுக்காரர் கையில். அப்படிப்பட்டவளுக்குப் பக்கத்து வீட்டு அக்கா தன் போனைக் கொடுத்துவிட்டு, பேசி முடிக்கிறவரை வாசல் பக்கம் போய் நிற்கட்டும். கேட்டதை மறந்துவிட முடியாதவர்கள் கேட்காமலாவது இருக்கலாமே.

தங்கை அந்த நம்பரைத் தன் சமையலறைக் காலண்டரில் எழுதி ஒட்டிவிட்டாள். தோழிகளே, இன்றைக்குச் சாயங்காலம் உங்கள் வீட்டுக்காரரின் ஆபீஸ் பையையும் ஒருமுறை பாருங்கள். உங்களுக்கு வர வேண்டிய தாள் எதாவது அதில் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தலைச்சோலை, ஏற்காடு.