விட்ட இடத்துல இருந்து தொடங்கத் தெரியாதா?

கொஞ்ச நாளா ஆணி அதிகம், இந்தப் பக்கம் வரவே முடியல. இப்பவும் சும்மா வரல. வயித்தெரிச்சலோட வந்திருக்கேன். பதிவு கொஞ்சம் நீளம், மோடம் காலத்துக் கதையெல்லாம் வரும். பொறுமையா படிங்க மக்களே.

போன மாசம் ஒரு ராத்திரி. அக்கா மகளுக்கு ஒரு உதவித்தொகை விண்ணப்பம் போடணும். மறுநாள்தான் கடைசி தேதி. எங்க வன்னியம்பட்டி வீட்டுல சிக்னல் எப்படின்னா, மொட்டைமாடியில தண்ணித் தொட்டிய ஒட்டி நின்னா ரெண்டு கோடு காட்டும். ஒரு எட்டு தள்ளி வந்தா அதுவும் போயிடும். மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்று, சாதிச் சான்று எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஒரே பிடிஎஃப்பா வச்சிருந்தா புள்ள. நாலரை எம்பி. ஏத்த ஆரம்பிச்சோம். 30, 55, 72, 87 சதவீதம். அப்படியே நின்னுச்சு. "ஏதோ தவறு நடந்துவிட்டது, மீண்டும் முயற்சிக்கவும்."

மீண்டும் முயற்சித்தோம். எங்கிருந்து? சைபர்ல இருந்து!

ஆறு தடவை. கூட்டிப் பார்த்தா, அந்த ஃபைல் அளவைப் போல நாலு மடங்கு நாங்க அனுப்பி முடிச்சாச்சு. அந்தப் பக்கத்துல கையில ஒரு பைட் கிடையாது. ராத்திரி பன்னெண்டு மணிக்கு புள்ளையைப் பின்னாடி உக்கார வச்சு ராஜபாளையத்துக்கு பைக்கை விட்டேன். ஒரு நண்பர் வீட்டுல ஃபைபர் இருக்கு. தூங்கிட்டிருந்த மனுஷனை எழுப்பி, அங்க வச்சு ஒரே நிமிஷத்துல ஏத்திட்டு வந்தோம்.

எங்க தெருவுலயே இன்னொரு பொண்ணும் அதே விண்ணப்பத்தைப் போட்டுப் பார்த்துச்சு. அவங்க வீட்டுல பைக் இல்ல. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் முயற்சி பண்ணிட்டு விட்டுடுச்சு.

இதை பெங்களூர்ல சாஃப்ட்வேர் கம்பெனியில இருக்கிற என் அக்கா மகன்கிட்ட சொன்னேன். "மாமா, உங்க ஊர்ல நெட்வொர்க் சரியில்லன்னா அதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க?"ன்னான். இந்தப் பதிவு அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில். அவன் கெட்டவன் இல்ல, நல்ல பையன். ஆனா அந்த வாக்கியம் கெட்ட வாக்கியம்.

"மாப்ள, இதே வேலையை 1986-லயே ஒழுங்கா செஞ்சு வச்சிருக்காங்கடா"ன்னேன். சிரிச்சான். சரி, சிரிச்சவனுக்கும் சேர்த்து கதை சொல்றேன்.

மோடம்னா இளசுகளுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் பேசுறதை சத்தமா மாத்தி போன் வயர் வழியா அனுப்புற பெட்டி. அந்த வயர்ல இரைச்சல் இருக்கும், குறுக்குப் பேச்சு கேக்கும், யாராவது வீட்டுல ரிசீவரைத் தூக்கிட்டா அறுந்து போகும். 9600 வேகத்துல ஒரு எம்பி இறங்க கிட்டத்தட்ட 18 நிமிஷம். 17-வது நிமிஷத்துல லைன் அறுந்தா என்ன செய்றது? இந்தக் கேள்வியைத்தான் அந்தக் காலத்து ஆளுங்க முதல்ல கேட்டாங்க. "லைன் அறுக்காத ஊருக்குக் குடி போ"ன்னு சொல்லல.

1977-ல வார்டு கிறிஸ்டென்சன் எழுதினது எக்ஸ்மோடம். 128 பைட் அனுப்பும், "வந்துச்சா?"ன்னு காத்திருக்கும், "வந்துச்சு"ன்னு பதில் வந்தாத்தான் அடுத்தது. ஒரு எம்பிக்கு 8192 தடவை இந்தக் கேள்வி பதில். மெதுவா போகும். பாதியில அறுந்தா முதல்ல இருந்துதான். ஆனா தப்பு வந்தா கண்டுபிடிச்சு திருப்பிக் கேக்கும், யார் வேணும்னாலும் எடுத்து உபயோகிக்கலாம்னு பொதுவுல விட்டுட்டார்.

1981-ல கொலம்பியா பல்கலைக்கழகத்துல ஃபிராங்க் ட குரூஸும் பில் கேட்சிங்ஸும் ஆரம்பிச்சது கெர்மிட். மப்பெட் பொம்மைத் தவளையோட பேரு அது. கெர்மிட்டோட புத்திசாலித்தனம் என்னன்னா, நடுவுல இருக்கிற வயரையும் மெஷினையும் அது நம்பவே நம்பாது. சில லைன் எட்டு பிட்டுக்கு ஏழு பிட்டைத்தான் கடத்தும். எட்டாவதை முழுங்கிடும். ஆங்கிலத்துக்கு ஏழு போதும். நம்ம தமிழுக்கு? திஸ்கி எழுத்துரு காலம் ஞாபகம் இருக்கா? தமிழ் எழுத்து எல்லாம் மேல்பாதி 128-லதான் உக்காந்திருக்கும். யூனிகோடை யூடிஎஃப்-8-ல எழுதினாலும் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் எட்டாவது பிட்டை நம்பித்தான் நிக்குது. அந்த பிட்டு போனா மொத்தமும் பூச்சி பூச்சியாத்தான் வரும். கெர்மிட் அந்த மாதிரி பைட்டுக்கு முன்னால ஒரு அடையாளக் குறியைப் போட்டு, ஏழு பிட்டுலயே பத்திரமா கொண்டு சேர்த்துடும். தமிழை மனசுல வச்சு எழுதினாங்கன்னு சொல்ல வரல. மோசமான வழியை மனசுல வச்சு எழுதினாங்க, அதனால தமிழும் பிழைச்சுது. இதுதான் பாயிண்ட்.

அப்புறம் 1986. சக் ஃபோர்ஸ்பெர்க் எழுதின ஸீமோடம். டெலிநெட்னு ஒரு அமெரிக்க நெட்வொர்க் கம்பெனி காசு கொடுத்து எழுத வச்சு, பொதுச் சொத்தா விட்டது. ஒவ்வொரு துண்டுக்கும் காத்திருக்காம மளமளன்னு அனுப்பும். தப்பு வந்தா வாங்குற பக்கம் "இத்தனாவது பைட்ல இருந்து திருப்பி அனுப்பு"ன்னு சொல்லும். லைன் முழுசா அறுந்து போச்சா? மறுபடி போன் போடு. வாங்குற பக்கம் தன்கிட்ட பாதியில நிக்கிற ஃபைலோட அளவைப் பார்க்கும், "இவ்வளவு என்கிட்ட இருக்கு, மிச்சத்தைக் கொடு"ன்னு கேக்கும். அவ்வளவுதான். 87 சதவீதத்துல அறுந்தா மிச்சம் 13 மட்டும். இதுல ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்ல. பால்கோவா கடையில முக்கால் கிலோ நிறுத்ததுக்கு அப்புறம் கரண்டு போனா, அந்த முக்கால் கிலோவைக் கொட்டிட்டா மறுபடி நிறுக்கிறாங்க?

யூனிக்ஸ்ல இதைச் செய்ற கட்டளைகள் எஸ்இஸட், ஆர்இஸட். ஃபோர்ஸ்பெர்க் பின்னாடி வெளியிட்ட பதிப்புகளுக்கு நிபந்தனை போட்டப்போ, பொதுவுல இருந்த பழைய பதிப்பை எடுத்து ஊவே ஓசே என்பவர் எல்ஆர்இஸட்எஸ்இஸட்னு கட்டற்ற மென்பொருளா வளர்த்தார். இன்னைக்கும் லினக்ஸ்ல ஒரே வரியில நிறுவிக்கலாம்.

யுயுசிபி கதையும் அதே. 1970-களோட பிற்பாதியில பெல் ஆய்வகத்துல மைக் லெஸ்க் எழுதினது. யூனிக்ஸ் மெஷின்கள் ராத்திரியில ஒண்ணுக்கொண்ணு போன் போட்டு, சேர்த்து வச்ச கடிதத்தையும் ஃபைலையும் மாத்திக்கும். லைன் கிடைக்கலன்னா வேலை வரிசையிலேயே காத்திருக்கும், அப்புறம் மறுபடி போன் போடும். ராத்திரி கட்டணம் குறையுறதுக்காக எஸ்.டி.டி. பூத் வாசல்ல காத்துக் கிடந்தவங்களுக்கு இதோட அருமை தெரியும். ஏடி அண்ட் டி கம்பெனியோட சொத்தா இருந்த இதுக்கு, 1990-களோட தொடக்கத்துல இயன் லான்ஸ் டெய்லர் முதல்ல இருந்து புதுசா எழுதி, குனு உரிமத்துல கொடுத்தார். டெய்லர் யுயுசிபின்னு பேரு.

"இதெல்லாம் அமெரிக்காக்காரன் கதை, நமக்கென்ன"ன்னு கேக்காதீங்க. 1986-ல ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்ட உதவியோட எர்நெட் ஆரம்பிச்சப்போ, சென்னை உட்பட அஞ்சு ஐஐடி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாய் என்சிஎஸ்டி, டெல்லி மின்னணுத் துறைன்னு எட்டு இடம். அதுல முதல்ல ஓடின சேவை யுயுசிபி மின்னஞ்சல்தான். இந்திய இணையம் நடக்கப் பழகினது அறுந்த வயர்ல, அறுந்தா கலங்காத மென்பொருளோட கையைப் பிடிச்சு.

1995 ஆகஸ்ட் 15-ல விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தப்போ, படத்தோட பார்க்கிற கணக்கு எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. எழுத்து மட்டும் வர்ற ஷெல் கணக்குதான் சாமானியனுக்கு. அதுல ஒரு ஃபைல் வேணும்னா ரெண்டு கட்டம். முதல்ல அவங்க யூனிக்ஸ் மெஷினுக்கு இறக்கணும், அப்புறம் அங்கிருந்து ஸீமோடத்துல நம்ம பெட்டிக்கு. நான் மதுரையில வேலை பார்த்த 1998-ல ஒரு சிநேகிதர் கணக்குல இப்படி ஒரு தமிழ் எழுத்துருவை இறக்கியிருக்கேன். மூணு தடவை லைன் அறுந்துச்சு. மூணு தடவையும் விட்ட இடத்துல இருந்து வந்துச்சு. அன்னைக்கு அது அதிசயமாவே தெரியல. இப்ப மொட்டைமாடியில நின்னப்பதான் அதிசயமா தெரிஞ்சுது. அவ்வ்வ்.

இப்ப எதிர்வாதம்.

ஒண்ணு, "பழசு எல்லாம் பாதுகாப்பு இல்லாதது." உண்மை. அந்த நெறிமுறைகள்ல தானா குறியாக்கம் கிடையாது. நான் ஸீமோடத்துல விண்ணப்பம் போடணும்னு கேக்கல சாமி. அதுல இருந்த மரியாதையைக் கேக்கறேன்.

ரெண்டு, "பிரௌசர்ல அது கஷ்டம்." இறக்குறதை விட்ட இடத்துல இருந்து தொடர 1997-லயே எச்டிடிபி 1.1-ல வழி வந்தாச்சு. ஏத்துறதுக்கு டஸ்னு ஒரு திறந்த நெறிமுறை 2013-ல இருந்து இருக்கு, இலவசம், நிரலும் கிடைக்குது. பெரிய வீடியோ தளங்கள்ல லைன் அறுந்தா ஏத்துறது விட்ட இடத்துல இருந்து தொடருதே, எப்படி? அங்க பாதியில விட்டா நஷ்டம் அவங்களுக்கு. இங்க நஷ்டம் அந்தப் பொண்ணுக்கு. வித்தியாசம் அவ்வளவுதான்.

மூணு, "இன்னும் கொஞ்ச நாள்ல எல்லா ஊருக்கும் ஃபைபர் வந்துடும்." வரட்டும், சந்தோஷம். கடைசி நாள் சாயங்காலம் ஊரே ஒண்ணா ஏத்தினா ஃபைபர் வீட்டுக்கும் அதே 87 சதவீதம்தான். அதுவும் போக, ரோடு போட்டு முடிக்கிற வரைக்கும் நடந்து வர்றவனுக்குக் கதவைத் திறக்க மாட்டேன்னு சொல்லலாமா?

2000-களோட முதல் பாதியில கர்நாடகாவுல தொட்டபள்ளாப்பூர் பக்கம் டாக்நெட்னு ஒண்ணு செஞ்சு பார்த்தாங்க. பஸ்ல ஒரு வைஃபை பெட்டி. பஸ் ஊருக்குள்ள வந்தா தகவலை வாங்கும், கொடுக்கும், அடுத்த ஊருக்குப் போயிடும். லைனே இல்லாத ஊருக்கும் வழி யோசிச்சாங்க. யுயுசிபியோட பேத்தின்னு சொல்லலாம். யோசிக்கிற மனசு இருந்தா வழி இருக்கு.

ஆக, "நெட்வொர்க் சரியில்லன்னா அவங்க என்ன பண்ணுவாங்க?"ங்கிற கேள்விக்கு என் பதில் இது. வயர் அறுக்கும்னு தெரிஞ்சுகிட்டு எழுதுறதுதான் அவங்க வேலை. வந்து சேர்ந்ததைத் தூக்கி எறியக் கூடாது. எவ்வளவு வந்துச்சுன்னு சொல்லணும். மிச்சத்தை மட்டும் கேக்கணும். இந்த மூணையும் 9600 வேகத்துல, ஊருக்கே இலவசமா செஞ்சு கொடுத்துட்டுப் போயிருக்காங்க. கிறிஸ்டென்சன் 2024-ல காலமானார். ஃபோர்ஸ்பெர்க் அதுக்கு முன்னாடியே 2015-ல.

இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் சாஃப்ட்வேர்லதான் இருக்கீங்கன்னு தெரியும். நாளைக்கு நீங்க ஏதாவது ஒரு "கோப்பைப் பதிவேற்றவும்" பொத்தான் எழுதும்போது, ஆபீஸ் வைஃபையில சோதிச்சுட்டு விட்டுடாதீங்க. ஒரு தடவை வன்னியம்பட்டி விலக்குல இறங்கி வீட்டுக்கு வாங்க. மொட்டைமாடியில தண்ணித் தொட்டி பக்கத்துல இடம் இருக்கு.

பி.கு: மாப்ளைக்கு இந்தப் பதிவை அனுப்பினேன். "மாமா, நான் எழுதுன மாட்யூல்லயும் அது இல்ல"ன்னு பதில் போட்டான். ரெண்டு நாள் கழிச்சு, "சேர்க்கச் சொல்லி கேட்டிருக்கேன்"னு இன்னொரு பதில். நல்ல பையன்னு சொன்னேன்ல :)